உள்ளே வருவோர் கால் கழுவவும்

மண் நல வாரியம் என்பது மண்ணின் நன்மைக்காக ஏற்படுத்தப்பட்ட அலுவலகம். மனிதர்களின் நன்மைக்கு வேறு ஓர் அலுவலகம் இருப்பதாகவும், அது எங்கே இருக்கிறது என்று தங்களுக்குத் தெரியாது என்றும் அங்கே வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். நான்கு மாடிக் கட்டடம். முன்னால் பூந்தோட்டம். அந்தத் தோட்டத்து மண் ஐம்பது மைல் தள்ளி ஒரு மலையடிவாரத்திலிருந்து லாரிகளில் கொண்டு வரப்பட்டது. வாசலில் இருபத்திரண்டு படிகள். முதல் படிக்குப் பக்கத்தில் ஒரு குழாய், குழாய்க்கு மேலே ஒரு பலகை: ‘கடைசித் தெருவிலிருந்து உள்ளே வருவோர் செருப்பை இங்கேயே விட்டு, கால் கழுவி வரவும்.’

கடைசித் தெருவுக்குப் பின்புறம் ஈயம் உருக்கும் ஆலை இருக்கிறது. அறுபது வருடமாக அதன் புகைபோக்கி வேலை செய்கிறது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தெருவின் மேல் மெல்லிய சாம்பல் நிறத் தூள் இறங்கும். அந்தத் தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த பிரேம்காரருக்கு இது நன்றாகவே தெரியும். காலையில் துடைத்த கண்ணாடியை மத்தியானமும் துடைப்பார், சாயங்காலமும் துடைப்பார். துடைத்த துணியை உதறினால் தும்மல் வரும். வீட்டின் முன்னறைதான் கடை. பின்னால் ஒரு மண் முற்றம். அந்த முற்றத்தில்தான் அவருடைய நாலரை வயது மகள் சிட்டு நாளெல்லாம் விளையாடுவாள், விளையாடிய கையை அப்படியே வாயிலும் வைப்பாள்.

சிட்டு முப்பது வரை எண்ணத் தெரிந்த பிள்ளை. ஒருநாள் இருபதோடு நின்றாள். அப்புறம் பதினாறு. பிறகு பதினொன்றுக்கு மேல் போகாமல், “அப்புறம் என்னப்பா?” என்று கேட்க ஆரம்பித்தாள். அடிக்கடி வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாள். பிரேம்காரரின் மனைவி ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டுகிறவள். பிள்ளையின் ரத்தத்தை எடுத்து அவளே சீட்டு ஒட்டி உள்ளே அனுப்பினாள். ஈயம் இருபத்தெட்டு என்று வந்தது. ஐந்துக்கு மேல் போனாலே கவலைப்பட வேண்டும் என்று அந்தத் தாளின் அடியிலேயே அச்சடித்திருந்தது.

டாக்டர் நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை. “மருந்து அப்புறம். முதல்ல அந்த மண்ணுலேர்ந்து பிள்ளையைத் தள்ளி வைங்க. மூளை வளர்ற வயசு. போனது திரும்பி வரும்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இனிமே போகாம பாத்துக்கலாம்.”

வேறு வீடு பார்த்தார்கள். எந்தத் தெருவிலிருந்து வருகிறீர்கள் என்று வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். பதிலைக் கேட்டதும், இப்போதுதான் ஒருத்தருக்குப் பேசி முடித்தோம் என்றார்கள். பதினேழு வீட்டிலும் இப்போதுதான் ஒருத்தருக்குப் பேசி முடித்திருந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு வழி மிஞ்சியது. முற்றத்து மண் குடியிருக்கத் தகாதது என்று மண் நல வாரியம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், ஆலைக்காரர்கள் மாற்று வீடு தந்தே ஆகவேண்டும். அப்படி ஒரு சட்டம் இருந்தது. அந்த ஒரு வரியை வாங்கத்தான் பிரேம்காரர் மனுவோடு வாரியத்துக்குப் போனார்.

வாசலில் காவலாளி நிறுத்தினார்.

“அண்ணே, எந்தத் தெரு?”

“கடைசித் தெருங்க.”

“அப்ப அந்தக் குழாய்ல கால் கழுவிட்டு வாங்க. விரல் இடுக்குலயும் நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க.”

“ஏங்க, எங்க தெரு மண்ணு அவ்வளவு மோசமா?”

“ஐயையோ, நான் அப்படிச் சொல்லவே இல்லையே! தரை சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான்.”

“மத்த தெருக்காரங்க?”

“அவங்க செருப்போடயே வரலாம்.”

பிரேம்காரர் கால் கழுவிக்கொண்டு படியேறினார்.

மனுவை வாங்கிய பிரிவு அதிகாரி ஓர் அம்மாள். எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். மனுவை ஒரு முறை படித்தார், திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“மண்ணு கெட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க. அதை முடிவு பண்ண வேண்டியது நாங்க. நீங்களே முடிவு பண்ணிட்டா நாங்க எதுக்கு இருக்கோம்?”

“பிள்ளையோட ரத்தத்துல இருக்குங்க மேடம்.”

“ரத்தம் எங்க வாரியத்துல வராது. மண்ணை மட்டும் பேசுங்க.”

பிரேம்காரர் ‘கெட்டுப்போன’ என்பதை அடித்துவிட்டு ‘கெட்டுப்போயிருக்கலாம் என்று அஞ்சப்படும்’ என்று எழுதிக் கொடுத்தார். மனு நிலுவைக்குப் போனது. நிலுவை என்பது மேடத்தின் மேசைக்கு இடப்பக்கம் இருந்த பச்சை அலமாரி.

இரண்டு மாதம் கழித்து மண் மாதிரி எடுக்க நான்கு பேர் வந்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகத்தில் மூச்சுக் கவசம், இரட்டைக் கையுறை, பூட்ஸுக்கு மேல் நீல உறை. முற்றத்தில் சிட்டு வெறுங்காலோடு நின்று அவர்களை வேடிக்கை பார்த்தாள்.

“இவ்வளவு மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்களே, பயப்பட ஏதாவது இருக்குங்களா?” என்று பிரேம்காரர் கேட்டார்.

“பயப்பட ஒண்ணுமே இல்ல சார்,” என்று கவசத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. “பாப்பாவை மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. பக்கத்துல வந்தா மண்ணு கெட்டுப் போயிடும்.”

ஒரு கரண்டி மண்ணை எடுத்து, பாட்டிலில் போட்டு, பாட்டிலைப் பெட்டியில் வைத்து, பெட்டியை இன்னொரு பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். தோண்டிய குழியை விதிப்படி மூடிவிட்டு, போட்டிருந்த உடைகளையெல்லாம் கழற்றி அபாயக் குறி போட்ட பையில் திணித்துக் கட்டினார்கள். கையெழுத்துப் போடும் தாளை மட்டும் பிரேம்காரரிடம் நீட்டினார்கள். ‘மாதிரி எடுத்தபோது அச்சம் தரும்படி எதுவும் நடக்கவில்லை’ என்று அதில் இருந்தது.

முடிவு தெரிந்த அன்று வாரிய இயக்குநரே பிரேம்காரரைக் கூப்பிட்டனுப்பினார். இயக்குநரின் அறையில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் கைப்பிடி மண் இருந்தது. இதுதான் நாட்டிலேயே சுத்தமான மண் என்று காட்டினார். பிறகு எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்தபடி அவருக்குப் பேச வராது.

“உங்க முற்றத்து மண்ணுல ஈயம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். எங்க அட்டவணைப்படி வீட்டு மண்ணுல நானூறு வரைக்கும் இருக்கலாம்.”

பிரேம்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. “அப்ப அந்த ஒரு வரி எழுதித் தந்துடுவீங்களா சார்?”

“அவசரப்படாதீங்க. ஒரு அரசாங்கம் பிரச்சினையைப் பாத்துக் கை கட்டி நிக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்தை நானூறாக்கணும்னா முற்றத்தையே தோண்டி எடுக்கணும், தெருவையே தோண்டணும், அறுபது வருஷத்தைத் தோண்டணும். நடக்கிற காரியமா? அதனால என்ன செஞ்சோம்? ராத்திரி பகலா யோசிச்சோம். வீட்டு மண்ணுக்குத்தானே நானூறு? ஆலை மண்ணுக்கு ரெண்டாயிரம் வரை அனுமதி உண்டு. உங்க வீடு இருக்கிற இடத்தை ஆலை நிலம்னு மாத்திட்டோம். ஒரே கையெழுத்து. இப்ப உங்க மண்ணு அளவுக்குள்ள இருக்கு. நூறு குறைச்சலாவே இருக்கு!”

“சார், நாங்க அங்க குடியிருக்கோமே?”

“குடியிருங்க. யார் வேண்டாம்னது?”

அடுத்த வாரமே பிரேம்காரரின் வீட்டு வாசலில் ‘ஆலை நிலம்’ என்று ஒரு தகரப் பலகை மாட்டினார்கள். மாட்டியவர்கள் ஒரு மஞ்சள் தலைக்கவசத்தையும் ஒரு அடையாள அட்டையையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அட்டையில் சிட்டுவின் பெயருக்கு நேரே ‘தொழிலாளி, வயது நான்கரை’ என்று இருந்தது. பிரேம்காரர் அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓடின வேகத்திலும் குழாயடியில் நின்று கால் கழுவ வேண்டியிருந்தது.

“நாலரை வயசுப் பிள்ளை எப்படி மேடம் தொழிலாளி ஆகும்?”

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அதைக் கேக்க வேண்டியது நாங்க. ஆலை நிலத்துல சின்னப் பிள்ளையை வெச்சிருக்கீங்க. சட்டப்படி குத்தம். அங்க ரெண்டு விதமான ஆளுதான் இருக்க முடியும். ஒண்ணு தொழிலாளி, இல்லாட்டி அத்துமீறி நுழைஞ்ச ஆளு. அத்துமீறினதுன்னு போட்டா போலீசுக்கு எழுதணும். போனாப் போகுது, குழந்தையாச்சேன்னு இரக்கப்பட்டு தொழிலாளின்னு போட்டிருக்கேன். நன்றி சொல்லாம சண்டைக்கு வர்றீங்க.”

நன்றி என்று சொன்னாரா இல்லையா என்று பிரேம்காரருக்கே பிறகு ஞாபகம் இல்லை. “ரத்தத்துல இருபத்தெட்டு இருக்கு மேடம்,” என்றார்.

“ரத்தம் எங்க வாரியத்துல வராதுன்னு அன்னைக்கே சொன்னேன். ஆனா இப்ப வரும். தொழிலாளியா ஆகிட்டாள்ல, வரும்.” மேடம் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி விரல் வைத்தார். “பாருங்க. குழந்தைக்கு அஞ்சு. தொழிலாளிக்கு முப்பது. உங்க பொண்ணு அளவுக்குள்ளதான் இருக்கா.”

“முப்பதைத் தாண்டினா?”

“தாண்டினா விட மாட்டோம். உடனே அந்த இடத்தை விட்டு வெளியேத்தணும், ஆலைதான் மாற்று இடம் தரணும். ரொம்பக் கண்டிப்பான விதி.” மேடத்தின் குரல் சட்டென்று கனிந்தது. “உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. இன்னும் ரெண்டே ரெண்டுதான். ஏறட்டும். நானே முன்னால நின்னு எழுதித் தர்றேன். சின்னப் பிள்ளைதானே, சீக்கிரம் ஏறிடும்.”

அவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னார். நாசமாய்ப் போன அந்த ஆறுதலைச் சுமந்துகொண்டு பிரேம்காரர் வீட்டுக்கு வந்தபோது, சிட்டு மஞ்சள் தலைக்கவசத்தைத் தலைகீழாக வைத்து அதில் மண் அள்ளிக்கொண்டிருந்தாள்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை. தலைக்கவசத்தைப் பிடுங்கி மண்ணைக் கொட்டினாள், பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். பிறகு திரும்பி, “என்னங்க, நாளைக்குக் காலையில இவளை அந்த ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போங்க,” என்றாள்.

“அங்க போயி?”

“உக்காருங்க. சாயங்காலம் வரைக்கும் உக்காருங்க. இந்த ஊர்ல நம்ம தெரு மண்ணு உள்ள நுழையாத இடம் அது ஒண்ணுதான். குழாய் வெச்சுல்ல தடுக்கறாங்க!”

“துரத்திடுவாங்க.”

“எப்படித் துரத்துவாங்க? ‘மனு நிலுவையில் உள்ளவர்கள் அலுவலக நேரத்தில் கூடத்தில் காத்திருக்கலாம்’னு சுவத்துல எழுதி வெச்சிருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நம்ம மனு அந்தப் பச்சை அலமாரியிலதான் இருக்கு. அது எப்ப வெளிய வரப் போகுது?”

மறுநாள் காலை ஒன்பதரைக்கு பிரேம்காரர் மகளோடு போனார். குழாயடியில் அவள் காலையும் கையையும் கழுவிவிட்டார். படியேறும்போது சிட்டு எண்ணிக்கொண்டே ஏறினாள். பதினொன்றாவது படியில் நின்று, “அப்புறம் என்னப்பா?” என்றாள். பன்னிரண்டு என்று சொல்லிக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார். கூடத்தில் ஒரு மூலை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு எழுந்து வந்தார்கள். அடுத்த நாளும் போனார்கள், அதற்கடுத்த நாளும் போனார்கள்.

முதல் வாரம் மேடம் முறைத்தார். இரண்டாவது வாரம் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். விதி பிரேம்காரர் பக்கம் இருந்தது. அந்த வாரியத்தின் வரலாற்றில் ஒரு விதி பொதுஜனத்தின் பக்கம் இருந்தது அதுதான் முதல் தடவை என்பதால், அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு பழகிவிட்டது. பிரேம்காரர் கடையை ஒரு பைக்குள் அடக்கிக்கொண்டு வந்து, பெஞ்சிலேயே அட்டை வெட்டினார். குமாஸ்தாக்கள் தங்கள் கல்யாணப் போட்டோக்களைக் கொண்டு வந்து சட்டம் போடக் கொடுத்தார்கள். சிட்டு கூடத்துத் தரையில் பதித்த கற்களை எண்ணி விளையாடினாள். மத்தியானத்தில் காவலாளி அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், மலையடிவாரத்து மண்ணில் விளையாட விட்டார். அந்த மண்ணை அவள் வாயில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று அவரே பெருமையாகச் சொன்னார். வீட்டில் அம்மா முற்றத்துக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, அறைகளைத் தினமும் ஈரத் துணியால் துடைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எல்லோருக்கும் எரிச்சலாக இருந்தது. வாரியத்துக்கு விடுமுறை, ஆலைக்குக் கிடையாது.

மூன்றாம் மாதம் சிட்டுவின் ரத்தத்தில் ஈயம் இருபத்துமூன்று. ஆறாம் மாதம் பதினேழு. வயிற்று வலி நின்றது. கூடத்துக் கற்களைப் பதினெட்டு வரை எண்ணினாள். பிரேம்காரரின் மனைவி ஆய்வுக்கூடத்தில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, ஆறு மாதத்தில் முதல் தடவையாக அழுதாள். அழுது முடித்ததும் ஒரு தப்பைச் செய்தாள். அந்தத் தப்பை நானும் செய்திருப்பேன், நீங்களும் செய்திருப்பீர்கள். இவ்வளவு குறைந்திருக்கிறது, இப்போதாவது கண் திறப்பார்கள் என்று நம்பி, மூன்று தாள்களையும் மனுவோடு சேர்க்கச் சொல்லிக் கணவரிடம் கொடுத்தனுப்பினாள்.

மேடம் தாள்களைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். இயக்குநரின் அறைக்கு ஓடினார். ஓடியதை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

பத்தாம் நாள் விழா. மேலிடத்திலிருந்து பார்வைக் குழு வந்திருந்தது. கூடத்து நடுவில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. இருபத்தெட்டில் தொடங்கிப் பதினேழுக்கு இறங்கும் சிவப்புக் கோடு. அதற்குச் சட்டம் போட்டவர் பிரேம்காரர்தான். தேக்குச் சட்டம் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். சிட்டுவை மேடையில் உட்காரவைத்து மஞ்சள் தலைக்கவசத்தைப் போட்டுவிட்டார்கள். அது அவளுடைய மூக்கு வரை இறங்கியது.

இயக்குநர் பேசினார். “மண்ணு கெட்டுப்போச்சு, குழந்தைங்க கெட்டுப்போறாங்கன்னு புலம்பறவங்க எல்லாக் காலத்துலயும் உண்டு. நாங்க புலம்பல. செயல்பட்டோம். ஒரு பிடி மண்ணைக்கூட அள்ளாம, ஆலையை ஒரு நாள்கூட நிறுத்தாம, ஒரு குழந்தையோட ரத்தத்துல பதினோரு அளவு ஈயத்தைக் குறைச்சிருக்கோம்! எப்படி? நிலத்தோட வகையை மாத்தினோம். அவ்வளவுதான்! ஆலை நிலம்னு பலகை மாட்டின நாள்லேர்ந்து இந்தக் கோடு இறங்குது பாருங்க. அந்த நிலம் பத்திரமானதுன்னு இதைவிட என்ன ஆதாரம் வேணும்? இந்த முறையில கடைசித் தெரு முழுக்க மாத்தப் போறோம்!”

கைதட்டல் ஓய்ந்ததும் பிரேம்காரர் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர்.

“சார், அவ அங்க இருந்ததால குறையல. இங்க இருந்ததால குறைஞ்சுது.”

இயக்குநர் பூரித்துப் போனார். “கேட்டீங்களா? அதையேதான் நானும் சொல்றேன். எல்லாம் இந்த வாரியத்தாலதான்!”

பார்வைக் குழு மறுபடி கைதட்டியது. பிரேம்காரர் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். நன்றி சொல்கிறார் என்று நினைத்து அவர்களும் திருப்பிக் கையாட்டினார்கள்.

விழா முடிந்ததும் மேடம் பச்சை அலமாரியைத் திறந்தார். ஒன்பது மாதமாகத் திறக்காத அலமாரி, திறக்கும்போது கிறீச்சிட்டது. மனுவை வெளியே எடுத்தார். ‘மனுதாரரின் மகள் நலமடைந்ததாலும், மண் அளவுக்குள் இருப்பதாலும், மனு முடித்துவைக்கப்படுகிறது’ என்று எழுதி, முத்திரை குத்தி, ஒரு பிரதியைப் பிரேம்காரர் கையில் கொடுத்தார்.

“வாரியத்துலயே ரொம்பச் சீக்கிரம் முடிஞ்ச மனு உங்களோடதுதான்,” என்றார். “இனிமே நீங்க இவ்வளவு தூரம் வந்து கஷ்டப்பட வேண்டாம்.”

“புதுசா ஒரு மனு எழுதித் தரேன் மேடம். இப்பவே எழுதறேன்.”

“ஒரே விஷயத்துக்கு ரெண்டாவது மனு கிடையாது.”

“ஒரு ஓரமா உக்காந்துக்கறோம் மேடம். யாருக்கும் தொந்தரவு இல்லாம.”

“நிலுவை இல்லாதவங்க கூடத்துல உக்காரக் கூடாது,” என்று மேடம் சுவரைக் காட்டினார். “விதி உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே.”

பிரேம்காரர் பெஞ்சிலிருந்த பையை எடுத்துக்கொண்டார். வெட்டி முடிக்காத அட்டை இரண்டு அதில் இருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். சிட்டு படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினாள். பதினொன்றில் நிற்கவில்லை. பதினெட்டிலும் நிற்கவில்லை. இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரண்டு என்று கடைசிப் படியிலிருந்து குதித்தாள். “அப்பா, எல்லாத்தையும் எண்ணிட்டேன்!” என்று கத்தினாள். பிரேம்காரருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

இந்த ஆறு மாதத்தில் குழாயைப் பார்த்தால் காலை நீட்ட வேண்டும் என்று அவளுக்குப் பழகியிருந்தது. நேராகப் போய்க் குழாயைத் திறந்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நீருக்கு அடியில் நீட்டினாள்.

காவலாளி குனிந்து குழாயை மூடினார். அவளுடைய செருப்பை எடுத்து முன்னால் வைத்தார்.

“உள்ள வரும்போதுதாம்மா கழுவணும்,” என்றார். “வீட்டுக்குப் போறதுக்கு எதுக்கு?”